பதினொரு எலும்பில் நாற்பது உலகங்கள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்கள் ஐந்து பேருக்கும் ஏதாவது எழுதித் தாருங்கள் என்று காரியாலயத்தில் கேட்டார்கள். ஆட்டத்தை எப்படித் திறப்பது, பிழையை எந்தப் படிவத்தில் பதிவது என்பதெல்லாம் ஒரே வாரத்தில் உங்களுக்குப் பழகிவிடும். அதை நான் எழுதப் போவதில்லை. செய்யாத ஒன்றுக்காக ஒரு பெண்ணை நான் கள்ளி என்று சொன்ன கதையை எழுதுகிறேன். அந்தக் கதையைக் காரியாலயத்தில் இரண்டு மூன்று விதமாகச் சொல்கிறார்கள் என்று கேள்வி. செய்தவள் வாயாலேயே நீங்கள் கேட்பது நல்லது.

என்னை ஏன் எல்லோரும் டீச்சர் என்று கூப்பிடுகிறார்கள் என்று நீங்கள் யோசித்திருக்கலாம். நான் உண்மையிலேயே டீச்சர்தான். டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் இருபத்தெட்டு வருடம் புவியியல் படிப்பித்தேன். ஓய்வு பெற்ற மறு வருடம், ஹட்டனில் மருந்துக்கடைக்கு மேல்மாடியில் கணினி விளையாட்டுகளைப் பரிசோதிக்கும் ஒரு காரியாலயம் இருக்கிறது, வரைபடம் வாசிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டுமாம் என்று சொன்னார்கள். சிரித்துக்கொண்டே போனேன். ஏழு வருடம் இருந்துவிட்டேன்.

இருபத்தெட்டு வருடத்தில் நான் படிப்பித்ததைவிட நன்றாகச் செய்தது பரீட்சை மண்டபத்தில் நின்றதுதான். எந்தப் பிள்ளை எந்த மேசையைப் பார்க்கிறது, எந்தச் சட்டைக் கையில் காகிதம் இருக்கிறது என்று முதுகைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அந்தப் பழக்கத்தையும் பையில் போட்டுக்கொண்டுதான் மாடிப்படி ஏறினேன்.

நாங்கள் பரிசோதித்த ஆட்டம் நிலத்துக்கு அடியில் நடப்பது. ஆறு பேர் பூமிக்குள் ஆழத்தில் ஒரு குகையில் கண் விழிக்கிறார்கள். தோண்ட வேண்டும், மூச்சுக்குக் காற்றும் குடிக்கத் தண்ணீரும் தேட வேண்டும், உயிரோடு இருக்க வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். உலகத்தை மேலிருந்து பார்ப்பதில்லை, பக்கவாட்டில் பார்க்கிறோம். மண்சரிவில் பாதி மலை இறங்கிப் போனால் மீதி மலையின் உள்பக்கம் எப்படி அடுக்கடுக்காகத் தெரியுமோ, அப்படி.

முதலில் பொறுப்பாளர்தான் எனக்கு இதைக் காட்டித் தந்தார். யாழ்ப்பாணத்து மனிதர், அதிகம் பேசமாட்டார். திரையில் ஒரு உலகத்தை முழுதாகத் திறந்து வைத்து, "டீச்சர், நடுவில இருக்கிறது வீடு. வீட்டைச் சுத்தி அயலட்டை. எந்த அயலுக்கு எந்த முகம் எண்டு தெரிஞ்சா உயிர் தப்பலாம்" என்றார்.

நடுவில் ஆட்டம் தொடங்கும் இடம். மென்மையான மண், சுவாசிக்கக் காற்று, ஒரு சின்னக் குட்டையில் கொஞ்சம் தண்ணீர். அதைச் சுற்றிப் பல வலயங்கள். இளைஞர்கள் பயோம் என்கிறார்கள், எனக்கு வலயம்தான் வாயில் வரும். ஒன்று சதுப்பு, அங்கே காற்று கெட்டிருக்கும். ஒன்று உறைபனி. ஒன்று கொதிக்கும் வறட்டு நிலம். அடிமட்டத்தில் உருகிய பாறை, உச்சியில் காற்றே இல்லாத வெறுமை. இரண்டு வலயங்களுக்கு நடுவில் கடினப் பாறை ஒரு வரம்பு மாதிரி ஓடும். அதை உடைத்தால்தான் அடுத்த வலயம். நீங்கள் தோண்டாத இடம் எல்லாம் திரையில் கறுப்பு. வரம்புக்கு அந்தப் பக்கம் பனியா நெருப்பா என்று உடைக்கும் வரை தெரியாது.

உயிர் நாடி ஊற்றுதான். தொடங்கிய இடத்துக்கு எட்டும் தூரத்தில் ஒரு தண்ணீர் ஊற்றாவது இருக்க வேண்டும் என்பது ஆட்டத்தின் விதி. எந்தத் திசையில் என்பதை மட்டும் சொல்லமாட்டார்கள். குட்டைத் தண்ணீர் தீருவதற்குள் அதைக் கண்டுபிடிக்காவிட்டால் ஆறு பேரும் ஒவ்வொருவராகச் சாய்ந்துவிடுவார்கள்.

இந்த உலகங்களை யாரும் கையால் வரைவதில்லை. ஒரு நீண்ட எண்ணைக் கொடுத்தால் ஆட்டத்தின் பொறி, அதாவது அதை இயக்கும் நிரல், அந்த எண்ணிலிருந்து ஒரு உலகத்தைச் செய்து தரும். அதே எண்ணை எங்கே யார் கொடுத்தாலும் அதே உலகம். எண்ணை மாற்றினால் வேறு உலகம். அப்படித்தான் எங்களுக்குச் சொன்னார்கள். அப்படித்தான் நானும் நம்பினேன்.

ஆட்டத்தைச் செய்கிற வெளிநாட்டுக் கம்பனி புதிய பதிப்பை வெளியிடப் போகிற நேரம். நாற்பது எண்கள் அனுப்பி, நாற்பது உலகங்களையும் பார்த்துச் சொல்லுங்கள் என்றார்கள். நான் கடவுச்சொல் போட்டு ஒவ்வொரு உலகத்தையும் முழுதாகத் திறந்து, வர்ணத்தில் அச்செடுத்து, விதிகள் சரியா என்று பார்த்தேன். எல்லா வலயமும் இருக்கிறதா, ஊற்று எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று பார்த்தேன். "நாற்பது உலகங்கள், நாற்பதும் வேறு வேறு" என்று எழுதிக் கையொப்பமும் போட்டேன்.

இனி ஜெனிட்டாவைச் சொல்ல வேண்டும். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பிள்ளை. தாய் கொழுந்து பறிக்கிறவர், தகப்பன் இல்லை. உயர்தரப் பரீட்சை முடித்துவிட்டு எங்களிடம் வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. மற்றவர்கள் ஒலி, பொத்தான், எழுத்து என்று சின்னச் சின்னதாகப் பரிசோதிக்க, ஜெனிட்டாவுக்கு மட்டும் நெடுநாள் ஆட்டம். அதாவது வரைபடத்தைத் திறக்காமல், சாதாரண ஆட்டக்காரர் மாதிரி இருட்டில் தொடங்கி, எத்தனை நாள் தாக்குப்பிடிக்க முடிகிறது என்று விளையாடிப் பார்த்து எழுத வேண்டும். அவளுடைய அறிக்கையை வைத்துத்தான் உலகம் எவ்வளவு கடினம் என்று கம்பனி முடிவு செய்யும்.

ஒரு நாள் கம்பனியிலிருந்து கடிதம் வந்தது. உங்கள் ஆட்டக்காரர் எல்லா உலகத்திலும் மிக விரைவாக ஊற்றைக் கண்டுபிடிக்கிறார், உலகங்கள் இலேசாக இருக்கின்றன போல் தெரிகிறது, ஊற்றுகளை இன்னும் தூரத்துக்குத் தள்ளிவிடலாமா என்று கேட்டிருந்தார்கள்.

அந்தக் கடிதத்தை நான் வாசித்துக் கொண்டிருக்கும்போது பக்கத்து மேசை சிவகுமார் எட்டிப் பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்.

"டீச்சர், நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க. அந்தப் புள்ள மேப்பத் தொறந்து பாக்குதுன்னு நெனைக்கிறேன். இல்லாட்டி எப்புடிங்க ஒவ்வொரு தடவையும் நேரா போயி தண்ணியில நிக்கும்?"

அவ்வளவுதான். என் முதுகெலும்பில் பழைய பரீட்சை மண்டபம் நிமிர்ந்துவிட்டது.

அன்றே கடவுச்சொல்லை மாற்றினேன். யாரிடமும் சொல்லவில்லை, பொறுப்பாளரிடம்கூட. அடுத்த வாரமும் ஜெனிட்டா இரண்டு உலகத்தில் நேராகப் போய் ஊற்றைத் தொட்டாள். அப்படியானால் புதிய கடவுச்சொல்லையும் யாரோ எட்டிப் பார்த்துக் கொடுத்திருக்க வேண்டும். யார்? நான் கதிரையை விட்டு எழும்பும்போதெல்லாம் திரையை அணைக்கத் தொடங்கினேன். தேநீர் குடிக்கும் இடத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தால் என்ன பேச்சு என்று போய் நின்றேன். சிவகுமாரே கொடுத்துவிட்டு என்னிடம் வந்து கோள் சொல்கிறானோ என்றும் நினைத்தேன். பொறுப்பாளர் ஒரு நாள் ஜெனிட்டாவின் மேசையருகில் நின்று எதையோ காட்டிக் கொண்டிருந்தார், அதையும் மனதில் குறித்து வைத்தேன். பத்துப் பேர் வேலை செய்யும் இடம், நான் வந்தால் பேச்சு நின்றது. அவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்று அதற்கும் அர்த்தம் வைத்தேன்.

இன்னொன்றும் இருந்தது. ஜெனிட்டாவிடம் ஒரு கொப்பி. விளையாடும்போது இடையிடையே அதில் ஏதோ கீறுவாள். நான் கிட்டப் போனால் மூடி மடியில் வைத்துக்கொள்வாள்.

கையும் களவுமாகப் பிடிக்க முடிவு செய்தேன். கம்பனியிடம் கேட்டு யாரும் பார்க்காத புத்தம்புதிய எண் ஒன்றை வாங்கினேன். காலையில் வந்து அதைத் திறந்து, அச்செடுத்து, தாளைக் குப்புற மடியில் வைத்துக்கொண்டு ஜெனிட்டாவுக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

"இத வெளையாடு. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். ஆட்டத்தைத் தொடங்கினாள். இடது பக்கம் கொஞ்சம் தோண்டினாள். வரம்புப் பாறை தெரிந்ததும் நிறுத்தி, அதன் வளைவை ஓரமாகத் தொடர்ந்து பார்த்தாள். பிறகு அதை அப்படியே விட்டுவிட்டு வலது பக்கம் வந்தாள். சாய்வாகக் கீழே இறங்கினாள். சதுப்பின் ஓரத்தைத் தொடாமல் சுற்றி, இரண்டு வரம்பை உடைத்து, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஊற்றுக்கு மேல் வந்து நின்றாள்.

நான் மடியிலிருந்த தாளைத் திருப்பிப் பார்த்தேன். அதே இடம்.

"எப்புடித் தெரியும்?" என்றேன்.

"முன்னாடி வந்த எடம் மாதிரி இருந்துச்சு டீச்சர்."

"இந்த ஒலகத்த இன்னைக்குக் காலையிலதான் செஞ்சாங்க. அதுக்குள்ள நீ எப்புடி முன்னாடி வந்திருப்ப?"

"தெரியலைங்க. ஆனா வந்திருக்கேன்."

"அந்தக் கொப்பியக் கொண்டா."

அவள் கொடுக்கவில்லை. நானே எடுத்தேன். திறந்தால் பக்கம் பக்கமாக வரைபடங்கள். பென்சிலால் கீறிய உலகங்கள். வலய வரம்புகள், ஊற்று இருக்கும் இடத்தில் வட்டம். ஒவ்வொன்றுக்கும் தோட்டத்து இடங்களின் பெயர் மாதிரி ஒரு பெயர் வேறு: மேக்கணக்கு, குளவி மலை, பழைய ஸ்டோர், பாலத்தடி. கீழே ஏதேதோ எண்கள்.

"இத யாரு குடுத்தா ஒனக்கு?"

"யாரும் குடுக்கல. நாந்தான் கீறுனேன்."

"தொறந்து பாக்காம இவ்வளவையும் எப்புடிக் கீறுவ? பொய் சொல்லாத, கள்ளி."

அறை முழுவதும் கேட்கும்படி சொன்னேன். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். பரீட்சையில் பிடிபட்ட பிள்ளைகள் அழும். ஜெனிட்டா அழவில்லை. பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் திரையைப் பார்த்தபடி இருந்தாள்.

பொறுப்பாளரின் அறைக்குள் கொப்பியைக் கொண்டு போய் மேசையில் போட்டேன். அவர் நாலைந்து பக்கம் புரட்டினார்.

"களவெடுக்கிறவள் ஏன் டீச்சர் இதைக் கொப்பியில கீறி வைக்கிறாள்? கடவுச்சொல் இருந்தா நினைச்ச நேரம் திறந்து பாக்கலாம்தானே?"

"அப்ப நீங்க அவளுக்கு சப்போர்ட்டா?"

"நான் ஒருத்தருக்கும் சப்போட் இல்லை. கேக்கிறன்."

"இவள வச்சுக்கிட்டு நான் அறிக்கையில கையெழுத்துப் போட மாட்டேன்" என்றேன்.

அவர் கொப்பியை மூடி என் பக்கம் தள்ளினார். பிறகு, "உங்கட பகுதி. நீங்கள்தான் பொறுப்பு" என்றார். விசாரணை முடியும் வரை வர வேண்டாம் என்று ஜெனிட்டாவிடம் நானே சொன்னேன். கொப்பியைக் கேட்டாள். கொடுக்கவில்லை. படியிறங்கிப் போனாள்.

அவளுடைய அறிக்கைகள் எல்லாம் செல்லாது என்று ஆகிவிட்டதால் நெடுநாள் ஆட்டத்தை வேறு யாராவது முதலிலிருந்து விளையாட வேண்டும். சிவகுமாரிடம் கேட்டேன். "எனக்கு வேணாங்க டீச்சர். நானும் தண்ணியக் கண்டுபுடிச்சிட்டா என்னையும் கள்ளன்னு சொல்லுவீங்க" என்றான். மற்றவர்களும் ஏதேதோ காரணம் சொன்னார்கள். பொறுப்பாளர்தான் கடைசியில் சொன்னார்:

"நீங்களே விளையாடுங்கோவன். வரைபடத்தைத் திறக்காமல்."

அதைக் கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. அதுவரை ஒரு உலகத்தைக்கூட நான் இருட்டில் விளையாடியதில்லை. எல்லாவற்றையும் வெளியில் நின்று, விளக்கைப் போட்டுத்தான் பார்த்திருக்கிறேன்.

தொடங்கினேன். பட்டியலிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஒரு எண்ணை எடுத்தேன். முதல் உலகத்தில் இடது பக்கமாகவே தோண்டினேன். ஒரு வரம்பு முதலில் கீழே வளைந்து, பிறகு திடீரென்று முழங்கை மாதிரி மடங்கியது. அதைத் தாண்டிச் சதுப்பில் விழுந்தேன், காற்றுக் கெட்டது, குட்டைத் தண்ணீர் தீர்ந்தது. ஆறு பேரும் செத்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஆட்டம் ஒரு பெயர் கொடுத்திருக்கும். கடைசியாகச் சாய்ந்தவர் வேறு வழியில்லாமல் வெறும் பாறையைத் தோண்டிக்கொண்டே இருந்தார். இரண்டாவது உலகத்திலும் செத்தார்கள்.

மூன்றாவதில், நான்காம் நாள் காலை, வலது பக்கம் தோண்டிக்கொண்டிருந்தேன். வரம்பு ஒன்று கீழே வளைந்து வந்து முழங்கை மாதிரி மடங்கியது. என் கை தானாக நின்றுவிட்டது. இதற்கு அந்தப் பக்கம் சதுப்பு என்று மனம் சொன்னது. ஏன் அப்படித் தோன்றியது என்று எனக்குத் தெரியவில்லை. உடைத்துப் பார்த்தேன். சதுப்பு.

முன்னாடி வந்த இடம்.

அலுமாரியைத் திறந்து அச்செடுத்த தாள்களில் முதல் உலகத்தையும் மூன்றாம் உலகத்தையும் தேடி எடுத்தேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சம்பந்தமே இல்லை. ஒன்றில் செம்பு நிறம் சிதறிக் கிடந்தது, மற்றதில் பச்சையும் சாம்பலும். செடிகள் வேறு, விலங்குகள் வேறு, தாதுக்கள் வேறு. என் பைத்தியம் என்று தாள்களைத் திரும்ப வைக்கப் போனேன். அப்போதுதான் முதலில் நான் போனது இடது பக்கம், இப்போது வலது பக்கம் என்பது நினைவுக்கு வந்தது.

யன்னலோரம் போனேன். அன்று பனிமூட்டம் விலகி நல்ல வெளிச்சம். ஒரு தாளைக் கண்ணாடியில் வைத்து, அதன் மேல் மற்றத் தாளைக் குப்புறத் திருப்பி வைத்து ஒட்டினேன். வெளிச்சம் இரண்டையும் ஊடுருவி வந்தது. வரம்பு மேல் வரம்பு. முழங்கை மேல் முழங்கை. ஊற்றின் மேல் ஊற்று. ஒரு மயிர் இடைவெளி இல்லை.

ஒரே எலும்பு. தோலை மட்டும் மாற்றி, இடது பக்கத்தை வலது பக்கமாக்கி, வேறு உலகம் என்று பொறி தந்திருந்தது. நாங்கள் கொடுத்த நீண்ட எண்ணின் பெரும்பகுதியை அது வாசிக்கவே இல்லை என்று பிறகு தெரிய வந்தது. தாதுக்களையும் செடிகளையும் தூவுவதற்கு மட்டும் முழு எண்ணையும் எடுத்துக்கொண்டது. வலயங்களின் வடிவத்துக்கும் ஊற்றுக்கும் ஒரு சின்னத் துண்டை எடுத்துக்கொண்டது. அதனால் அன்று காலையில் பிறந்த புத்தம்புதிய உலகத்துக்கும் ஒரு பழைய எலும்புதான் கிடைத்திருக்கிறது. தொடங்கும் இடம் எல்லா உலகத்திலும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் இருக்கும் என்பதால் மற்ற யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தூரம் போனவள் ஒருத்திதான்.

இழுப்பறையிலிருந்து ஜெனிட்டாவின் கொப்பியை எடுத்தேன். படங்களைப் பார்த்தேனே தவிர கீழே இருந்த எண்களை நான் வாசிக்கவே இல்லை. ஒவ்வொரு படத்துக்குக் கீழும் மூன்று நான்கு உலக எண்கள். சில எண்களுக்குப் பக்கத்தில் 'கண்ணாடி' என்று சின்னதாக எழுதியிருந்தாள், இடமும் வலமும் மாறியவை. மொத்தம் பதினொரு படங்கள். என் நாற்பது உலகங்களில் பெரும்பாலானவற்றை அவள் பதினொரு எலும்பாகக் கட்டி வைத்திருந்தாள்.

அவளுடைய பழைய அறிக்கைகளையும் எடுத்துப் பார்த்தேன். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒன்றில், 'இந்த உலகம் பாலத்தடி உலகம் மாதிரியே இருக்கிறது' என்று எழுதியிருக்கிறாள். அதை ஒருத்தி சிவப்பு மையால் வெட்டி, 'கற்பனை வேண்டாம், அவதானித்ததை மட்டும் எழுதவும்' என்று ஓரத்தில் போட்டிருக்கிறாள். என் கையெழுத்து.

இதை எழுதும்போதும் எனக்கு முகம் சுடுகிறது. அன்று எனக்கு வந்த முதல் யோசனையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தாள்களைத் திரும்ப அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடலாம் என்று நினைத்தேன். நாற்பதும் வேறு வேறு என்று கையொப்பம் வைத்தவள் நான். வெளியிட இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது. பிறகு ஆட்டக்காரர்கள் யாராவது கண்டுபிடித்தால் அது கம்பனியின் பிழை. அந்தப் பிள்ளை எப்படியும் போய்விட்டது. கால் மணி நேரம் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அறையிலிருந்து வெளியே வந்த பொறுப்பாளர், யன்னலில் தாள்கள் ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார். அவரே பார்த்தார், நிறைய நேரம் பார்த்தார்.

"அந்தப் பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார்.

"ஆமாங்க."

"அறிக்கை எழுதுங்கோ. முதல் வரியில உங்கட பிழை. ரெண்டாவது வரியில அந்தப் பிள்ளையின்ர பேர். பிறகு மிச்சத்தை எழுதுங்கோ." அதைவிட ஒரு சொல் கூடுதலாகப் பேசவில்லை. திட்டியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

அப்படியே எழுதினேன். அனுப்புவதற்கு முன்னால் எல்லோரையும் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். சிவகுமார் தலையைக் குனிந்துகொண்டான். கம்பனி மறுநாளே பதில் போட்டது. வெளியீட்டை நிறுத்தி வைத்திருக்கிறோம், எந்த எண்கள் எந்த வடிவத்தில் விழுகின்றன என்ற முழுப் பட்டியலும் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும், இல்லாவிட்டால் பரிசோதனையை வேறிடத்துக்குக் கொடுக்க வேண்டி வரும் என்று எழுதியிருந்தார்கள். கொப்பியில் பாதிக் குறிப்புகள் ஜெனிட்டாவுக்கு மட்டும் புரிகிற சுருக்கெழுத்து. தொலைபேசியில் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. ஆறு தடவை.

புதன்கிழமை பொகவந்தலாவை பஸ்ஸில் ஏறினேன். தோட்டத்தில் விசாரித்து, தொழிலாளர் குடியிருப்பான லயத்தைக் கண்டுபிடிக்கும்போது மூன்று மணி தாண்டிவிட்டது. தாய் அன்று கால் வலியென்று மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகாமல் வீட்டில் இருந்தார். நான் யாரென்று சொன்னதும் முகம் மலர்ந்து கதிரையைத் துடைத்துப் போட்டார்.

"ஜெனி ஆபீஸ்லதானே இருக்கா? நீங்க அங்கேயிருந்துதானே வாறீங்க?"

அவர் போட்ட கதிரையில் நான் உட்காரவில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது.

"என்னங்க டீச்சர்? புள்ள எங்க?"

ஏதாவது பொய் சொல்லிச் சமாளித்திருக்கலாம். "அவள வேலைக்கு வர வேணாம்னு சொன்னது நான்தான். பத்து நாளாச்சு. அவ ஒரு தப்பும் செய்யல. தப்பு எம்மேல" என்றேன்.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "தெனமும் சோறு கட்டிக்கிட்டு ஏழு மணி பஸ்ஸுக்குப் போறாளே..." என்றார். அதற்கு மேல் என்னோடு பேசவில்லை. தேநீர் போடவும் எழும்பவில்லை. அது எனக்குச் சரியாகத்தான் பட்டது.

கடைவீதிக்கு இறங்கி வந்து பஸ் நிற்குமிடத்தில் காத்திருந்தேன். ஐந்தரை பஸ்ஸில் ஜெனிட்டா இறங்கினாள். கையில் அதே காரியாலயப் பை. என்னைக் கண்டதும் முகம் வெளிறியது.

"வீட்டுக்குப் போனீங்களா?"

"போனேன்."

"அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன். நான்தான் தப்புன்னும் சொன்னேன். இவ்வளவு நாளா எங்க இருந்த?"

"ஹட்டன் லைப்ரரில. மூடுற வரைக்கும்."

கொப்பியை அவளிடம் நீட்டினேன். வாங்கி, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தாள். ஏதாவது கிழித்திருக்கிறேனா என்று பார்க்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது. யன்னலில் தாள்களை வைத்துப் பார்த்ததைச் சொன்னேன். அறிக்கையின் பிரதியைக் கொடுத்தேன். முதல் இரண்டு வரியை நின்றபடியே வாசித்தாள்.

"வெள்ளிக்கெழமைக்குள்ள பட்டியல் வேணும். ஒன்னால மட்டும்தான் முடியும்" என்றேன்.

அவள் தாளை மடித்தாள். "ஒண்ணு கேக்கட்டுங்களா டீச்சர்? இப்ப என்மேல நம்பிக்கை வந்துதான் வந்தீங்களா? இல்ல, வேற வழியில்லாம வந்தீங்களா?"

பஸ்காரன் கதவைச் சாத்திக்கொண்டு எடுத்தான். அந்தச் சத்தம் போகும் வரை எனக்கு நேரம் கிடைத்தது. நல்ல பதில் ஒன்று வாயில் தயாராக இருந்தது. அவள் அதை நம்பமாட்டாள் என்றும் தெரிந்தது.

"வேற வழியில்லாமத்தான் வந்தேன்" என்றேன். "பட்டியல் வேணாம்னு சொல்லியிருந்தா வந்திருப்பேனான்னு எனக்கே தெரியாது."

ஜெனிட்டா கொப்பியைப் பைக்குள் வைத்தாள்.

"அது பரவால்லீங்க" என்றாள். "அத நம்பலாம்."

மறுநாள் காலை அவள் வந்தாள். வெள்ளிக்கிழமை மதியம் பட்டியல் போனது. கம்பனி பொறியைத் திருத்த ஏழு வாரம் எடுத்தது. வேலை எங்களிடமே இருந்தது. அவளுடைய அம்மா மட்டும் என்னை மன்னிக்கவில்லை. ஒரு நாள் ஹட்டன் சந்தையில் கண்டேன், தலையசைத்துவிட்டுப் போய்விட்டார்.

சந்தேகப்படாதீர்கள் என்று நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன். சந்தேகப்படுவதற்குத்தான் நமக்குச் சம்பளம். ஆனால் நான் ஒரு மாதம் முழுவதும் பத்து மனிதர்களைச் சந்தேகித்தேன், ஒரு பொறியை ஒரு நாள்கூடச் சந்தேகிக்கவில்லை. மனிதர்களைச் சந்தேகிக்க உட்கார்ந்த இடத்தை விட்டு எழும்ப வேண்டியதில்லை. உலகத்தைச் சந்தேகிக்க வேண்டுமென்றால் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே இறங்கித் தோண்ட வேண்டும். சோம்பல்தான் எனக்கு நீதி மாதிரித் தெரிந்தது.

இந்த வேலையிலிருந்தும் நான் ஓய்வு பெறும்போது என் இடத்துக்கு யாரைப் போடலாம் என்று பொறுப்பாளர் கேட்டார். நான் சொல்லத் தேவையிருக்கவில்லை, அவருக்கே தெரிந்திருந்தது. திங்கட்கிழமை உங்களுக்கு வேலை பிரித்துத் தரப் போகிறவர் ஜெனிட்டாதான். அதிகம் சிரிக்கமாட்டார், பயந்துவிடாதீர்கள். உங்கள் மேல் ஏதாவது சந்தேகம் வந்தால் உங்களைத்தான் முதலில் கேட்பார், நேருக்கு நேராகவே கேட்பார். அப்போது உங்களுக்குச் சாதகமான பதிலைத் தேடாதீர்கள்.

உள்ளதைச் சொல்லுங்கள். அவருக்கு வித்தியாசம் தெரியும்.